வட்டத்துக்குக் கீழே ஒரு வீடு

மாத்தளை மாவட்டத்தின் வரலாறு என்ன ஆகுமோ என்று இனி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. அதற்கென்று ஓர் அதிகாரசபை வந்துவிட்டது. மாத்தளை மாவட்ட முழுவட்டக் காட்சி மற்றும் மரபுப் பதிவு அதிகாரசபை என்பது அதன் முழுப்பெயர். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் இரத்தோட்டை பஸ் புறப்பட்டுவிடும் என்பதால், சனங்கள் அதைச் ‘சுத்துப்படக் கந்தோர்’ என்று சுருக்கிக்கொண்டார்கள்.

கந்தோரின் வேலை படம் எடுப்பது. கலியாண வீட்டுப் படம் மாதிரியல்ல. ஓரிடத்தில் கமெராவை நட்டு, நாலு திசையும் வானமும் தரையும் ஒரே படமாக வரும்படி எடுப்பார்கள். கணினியில் திறந்து விரலால் தள்ளினால் இடம் சுற்றும். பெரிதாக்கினால் இன்னும் பெரிதாகும். நாலந்தாவில் கெடிகே என்ற பழைய கற்கோயிலை எடுத்த படத்தில், கல் இடுக்கில் கிடக்கும் பல்லியின் கண்ணைக்கூடப் பார்க்கலாம். அந்தக் கெடிகேயைக் கட்டியவர்கள் யார் என்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கேட்டபோது, அது அடுத்த கட்டத் திட்டத்தில் வரும் என்றார்கள்.

நல்ல காரியம்தான். பிள்ளைகள் இருந்த இடத்தில் இருந்தபடியே மாவட்டத்தைச் சுற்றிப் பார்க்கலாம். இதில் என்ன கெடுதி வந்துவிடப் போகிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

இரத்தோட்டைக்கு மேலே கல்லுமலைத் தோட்டம் இருக்கிறது. அங்கே ஒரு முகட்டில் சந்திரகாந்தாவும் அவள் புருசன் சுந்தரலிங்கமும் ஒரு வீடு கட்டியிருந்தார்கள். மண்சரிவில், தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் சுவர் பிளந்த பிறகு, லொறி ஏற முடியாததால் கீழே பெரிய றோட்டிலிருந்து மணலையும் கல்லையும் தலையிலே சுமந்து கட்டிய வீடு. இரண்டு அறை, ஒரு குசினி, மேலே கொங்கிறீட் தட்டு. பிள்ளைகுட்டி இல்லை. இருந்த பாசத்தையெல்லாம் அந்தச் சுவரில்தான் பூசினார்கள். லயத்தில் இருந்த அவர்களுடைய அறையைத் தோட்டம் வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டது. அதனால் அந்த வீடு போனால் அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

ஒருநாள் கந்தோரின் ஜீப் மலை ஏறியது. பணிப்பாளர் விஜேந்திரன் இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். படம் பிடிக்கும் றம்ஸீன் கமெராப் பெட்டியோடு இறங்கினான். உயரமான இடம் வேண்டுமாம். மலையை முழுசாகப் பார்க்க வேண்டுமாம்.

“நம்ம வீட்டு மேல வச்சுக்கங்க ஐயா. இங்க இருந்து பாத்தா இரத்தோட்டை பஸ் ஸ்டான்ட் வரைக்கும் தெரியும்” என்றார் சுந்தரலிங்கம். வீட்டுக்குப் பெரிய மனிதர்கள் வந்தால் இருப்பதில் நல்லதைக் கொடுப்பதுதானே முறை. சந்திரகாந்தா இஞ்சி தட்டிப் போட்டுப் பிளேன்டீ ஊற்றினாள். றம்ஸீன் கூரைத் தட்டின் நடுவில் நீளமான கம்பத்தை நிறுத்தி, அதன் உச்சியில் கமெராவை ஏற்றினான்.

அப்போது விஜேந்திரன் தொண்டையைச் செருமினார்.

“காட்சிக்குக் குறுக்கே யாரும் இருக்கக்கூடாது.”

இதைத் தோட்டத்து ஆட்களிடம் இரண்டாம் முறை சொல்லத் தேவையில்லை. துரையின் வாகனம் வந்தால் றோட்டை விட்டு இறங்கி ஓரத்துத் தண்ணிக் கானுக்குள் நிற்பது தாத்தன் பூட்டன் காலத்திலிருந்து காலிலேயே ஊறிய பழக்கம். கங்காணி ஒரு சத்தம் போட்டார். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் தேயிலைச் செடிகளுக்குள் குந்திக்கொண்டார்கள். கொடியில் காய்ந்த துணிகள் உள்ளே போயின. அடுப்புகள் அணைந்தன. சந்திரகாந்தாவும் சுந்தரலிங்கமும் தங்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கமெராவுக்கு நேர் கீழே, மூச்சுச் சத்தம் கேட்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

படம் வெளியிடும் விழா மாத்தளை நகரத்தில் நடந்தது. வீட்டைப் பார்க்கும் ஆசையில் சந்திரகாந்தா இருந்த ஒரே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போய், கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். கமெராவுக்கு மாலை போட்டார்கள். பெரிய திரையில் கல்லுமலை விரிந்தது. விஜேந்திரன் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“நமது மாவட்டத்தின் பெரிய பிரச்சினை என்ன? மனிதர்கள். எந்த அழகான இடத்துக்குப் போனாலும் அங்கே யாராவது வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் வாழ்வதால் வரலாறு மறைந்துபோகிறது. இந்தப் படத்தைப் பாருங்கள். ஒரு துணிக்கொடி உண்டா? ஒரு புகை உண்டா? மனிதக் கைபடாத மலை! இதைக் கண்டுபிடித்தது எமது அதிகாரசபை.”

எல்லோரும் கைதட்டினார்கள். மனிதக் கைபடாத அந்த மலையில் தேயிலை வரிசை வரிசையாக, இடுப்பளவுக்கு ஒழுங்காக வெட்டப்பட்டு நின்றது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

சந்திரகாந்தா வீட்டைத் தேடினாள். படத்தைக் கீழே தள்ளியபோது முகடு வந்தது. முகட்டில் வீடு இல்லை. வீடு இருந்த இடத்தில் ஒரு பெரிய வட்டம். வட்டத்துக்குள் அதிகாரசபையின் சின்னம், ஒரு கண்ணும் அதைச் சுற்றி மிளகுக் கொடியும். கமெராக் கம்பம் நின்ற இடம் அசிங்கமாகத் தெரியும் என்று, எந்தப் படத்திலும் அடியில் அந்தச் சின்னத்தை ஒட்டிவிடுவார்கள். கம்பம் உயரமானதால் ஒட்டும் பெரிதாகிவிட்டது. வீடு முழுக்க அதற்குள் போய்விட்டது.

கூட்டம் கலையும்போது அவள் விஜேந்திரனிடம் போனாள்.

“ஐயா, அந்த வட்டத்துக்குக் கீழ எங்க வீடு இருக்குங்க. நீங்க வந்து டீ குடிச்சீங்களே, அந்த வீடு.”

“டீ ஞாபகம் இருக்கிறது. நல்ல டீ” என்றார் விஜேந்திரன். “ஆனால் அம்மா, படத்தில் வட்டத்துக்குக் கீழே எதுவும் கிடையாது. வேண்டுமானால் பெரிதாக்கிப் பாருங்கள்.”

பெரிதாக்கிக் காட்டினார்கள். கண் பெரிதாகிக்கொண்டே வந்தது.

இதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். கந்தோருக்கு ஒரு யோசனை பிறந்தது. இவ்வளவு துல்லியமாகப் படம் எடுத்த பிறகு இடம் மாறிவிட்டால் படம் பொய்யாகிவிடும். அதிகாரசபையின் படம் பொய்யாக முடியாது. ஆகவே, இடம் மாறக்கூடாது. இதில் எங்கே பிழை என்று யாராலும் காட்ட முடியவில்லை.

மாதத்துக்கொரு தடவை ‘ஒப்புநோக்கல்’ தொடங்கியது. அதிகாரிகள் வெள்ளைச் சட்டையோடு வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, படம் எடுத்த இடத்தில் வரிசையாக நிற்பார்கள். கையிலிருக்கும் திரையையும் கண்முன் இருக்கும் உலகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி, வலமாக மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். இடமாகச் சுற்றுவது குற்றம். சுற்றி முடிந்ததும் படத்தில் இருந்து இங்கே இல்லாததைக் ‘குறை’ என்றும், இங்கே இருந்து படத்தில் இல்லாததை ‘மேலதிகம்’ என்றும் உரத்துச் சொல்வார்கள். நீண்டுவிட்ட பலாக் கிளையை அரிந்தார்கள். படத்தில் கன்றாக நின்ற மாடு வளர்ந்துவிட்டதால், அதே அளவில் வேறொரு கன்றைக் கொண்டுவந்து கட்டச் சொன்னார்கள். லயம் சவுக்கு மரங்களுக்குப் பின்னால் மறைந்திருந்ததால் தப்பிக்கொண்டது. மறைந்திருப்பதை அதிகாரசபை மன்னித்தது. வட்டத்துக்குள் இருப்பதைத்தான் மன்னிக்கவில்லை.

சந்திரகாந்தாவின் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, விஜேந்திரன் “மேலதிகம்” என்றார்.

பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. மின்சார மானி பார்க்க வருபவர் முகட்டுப் பக்கம் வருவதை நிறுத்தினார். கொஞ்ச நாளில் மின்சாரமும் நின்றது. தபால்காரர் அவள் கையில் கொடுக்க வேண்டிய கடிதத்தை அவளிடமே காட்டி, “இப்படி ஒரு வீடு இல்லையாம்மா” என்று திருப்பிக்கொண்டு போனார். கிராம சேவகர் நல்ல மனிதர். அவர் அவளை உட்கார வைத்து, “உங்கள எனக்குத் தெரியுது. நீங்க அங்க இருக்கிறதுதான் தெரியல்ல” என்று வருத்தத்தோடு சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் திரையைத்தான் பார்த்தார்.

அடுத்த மாதம் நாலு பேர் அலவாங்குக் கம்பிகளோடு வந்து, வீட்டைச் சுற்றி முளையடித்துச் சிவப்புக் கயிறு கட்டினார்கள். கயிறு வட்டமாக இருந்தது. வீட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கொங்கிறீட்டால் அதே சின்னத்தை, அதே அளவில் அமைக்கப்போகிறார்களாம். அப்போதுதான் படமும் தரையும் ஒத்துப்போகும். சுந்தரலிங்கம் அவர்களுக்கும் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

சந்திரகாந்தா பெட்டிசம் எழுதுவித்துக்கொண்டு கந்தோருக்குப் போனாள். வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் கலேவெலயில் சாமான் கடை வைத்திருக்கும் ரவூப் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வேறு விதமான வில்லங்கம்.

“நான் ஜும்ஆவுக்குப் போன நேரத்துல சந்தியில படம் எடுத்தீக்கிறாங்க தங்கச்சி. படத்துல கடை மூடித்தான் ஈக்கி. இப்ப தொறந்தா பிழையாம். வெள்ளிக்கிழமை மட்டும் மூடுற கடை இப்ப எல்லா நாளும் மூடி.”

“அப்ப சாப்பாட்டுக்கு என்னங்க செய்றீங்க, ரவூப் நானா?”

“பின்பக்கத்தால விக்கிறேன். பின்பக்கம் படத்துல இல்ல” என்றார் ரவூப், குரலைத் தாழ்த்தி. “உங்கட வீட்டுக்குப் பின்பக்கம் இல்லையா?”

அவளுடைய வீட்டுக்கு நாலு பக்கமும் வட்டம்தான்.

மூன்றாம் தடவை போனபோது விஜேந்திரன் இறங்கிவந்தார். அதிகாரசபை இரக்கமற்றதல்ல என்றார். ஒரேயொரு தடவை மறுபடம் எடுக்கலாம். அதில் எது விழுகிறதோ அதுதான் முடிவு. அதற்குப் பிறகு மேன்முறையீடு கிடையாது.

“நாங்கள் யாரையும் அழிப்பதில்லை அம்மா. அப்படிப் பலர் பேசுகிறார்கள். உள்ளதைப் பதிவு செய்கிறோம். பிறகு, பதிவு செய்ததை உள்ளதாக ஆக்குகிறோம். அவ்வளவுதான்.”

மறுபடத்துக்கு றம்ஸீன் முன்கூட்டியே வந்தான். எதிர்ச்சரிவில் யாருக்கும் உபயோகமில்லாத ஒரு பாறையைப் பார்த்து, கம்பத்தை அதன் மேல் நட்டான். இனி வட்டம் பாறைமேல் விழும். வீடு தெளிவாகத் தெரியும். பிறகு சந்திரகாந்தாவைத் தனியே கூப்பிட்டான்.

“அக்கா, ஒரு விசயம் சொல்றேன். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுப்போம். எல்லாத்துலயும் இருக்கிறதுதான் கடைசிப் படத்துல நிக்கும். நடுவுல அசையுற ஆளை மெசின் தானா அழிச்சிரும். நான் பச்சைக் கொடி காட்டுற வரைக்கும் யாரும் அசையக்கூடாது. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க.”

அவள் லயம் லயமாகப் போய்ச் சொன்னாள். இந்தத் தடவை ஒளியக்கூடாது, நிற்க வேண்டும், அசையாமல் நிற்க வேண்டும் என்று சொன்னாள். சனங்களுக்கும் ரோசம் வந்தது. அன்றைக்கு எல்லோரும் குளித்து, நல்ல உடுப்பு உடுத்தி வந்து, அவள் வீட்டு வாசலிலும் முன்னால் போகும் ஜீப் றோட்டிலும் நிறைந்து நின்றார்கள். சந்திரகாந்தா அதே நல்ல சேலையில், வாசல் நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். சுந்தரலிங்கம் தோளில் புதுத் துவாயோடு அவள் பக்கத்தில் நின்றார். அவ்வளவு பேர் ஒன்றாக நிமிர்ந்து நின்றதை அந்த மலை அதற்கு முன் பார்த்திருக்காது.

கமெரா ஒரு சுற்றுச் சுற்றியது. ஒருவரும் அசையவில்லை. இரண்டாவது சுற்றுத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து, வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க விஜேந்திரனின் ஜீப் வளைவில் ஏறி வந்து, ஹோன் அடித்தது.

ஒருவரும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் நின்றிருப்பார்கள். கால்கள்தான் கேட்டன. றோட்டில் நின்றவர்கள் அப்படியே விலகிக் கானுக்குள் இறங்கினார்கள். வாசலில் நின்றவர்கள் அவர்களுக்கு வழிவிட்டுப் பின்னால் போனார்கள். எல்லோருக்கும் முதலில் இறங்கியவர் சுந்தரலிங்கம். தோளிலிருந்த துவாய் அதற்குள் கைக்கு வந்திருந்தது. சந்திரகாந்தாவின் வலது காலும் கிளம்பத்தான் பார்த்தது. நிலையைப் பிடித்திருந்த கை அவளை விடவில்லை.

ஜீப் போன பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவசரமாக மேலே ஏறினார்கள். எங்கே நின்றோம் என்று யாருக்கும் தெரியவில்லை. றம்ஸீன் பாறையின் மேல் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கமெரா நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.

புதுப் படம் வந்தது. அருமையான படம். வீடு இருந்தது. ஓரத்துச் சுவரில் சந்திரகாந்தா பதித்த கைத்தடம்கூடத் தெரிந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு அவள் இருந்தாள். வேறு ஒருவரும் இல்லை. ஒரு துண்டு நிழல்கூட இல்லை. படத்துக்குக் கீழே, ‘மலை முகட்டில் தன்னந்தனியாக வாழும் ஒரு பெண்’ என்று எழுதியிருந்தார்கள்.

விஜேந்திரன் நேரில் வந்து வாழ்த்தினார். சிவப்புக் கயிறு அவிழ்ந்தது. மின்சாரம் வந்தது. தபால் வந்தது. வீடு சட்டப்படி வீடாகிவிட்டது.

“அப்ப இவரு?” என்று சந்திரகாந்தா புருசனைக் காட்டிக் கேட்டாள்.

விஜேந்திரன் திரையைப் பார்த்தார். சுந்தரலிங்கத்தைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

“மேலதிகம்” என்றார். “ஒரு மேலதிகம் நிரந்தரமாக இருந்தால் முழுப் பதிவும் ரத்தாகும். பழைய படம்தான் செல்லும். பழைய படத்தில் வீடு இல்லை. நீங்கள் விவரமானவர். நான் சொல்லத் தேவையில்லை.”

அதிலிருந்து ஒப்புநோக்கல் நாட்களில் சந்திரகாந்தா அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு, நிலையைப் பிடித்தபடி நிற்பாள். சேலை நைந்துபோய்விடுமே என்று மற்ற நாட்களில் அதைத் தொடுவதில்லை. சுந்தரலிங்கம் விடியவே இரத்தோட்டைக்கு இறங்கிவிடுவார். முதல் மாதம் பஸ் ஸ்டான்ட் வாங்கில் உட்கார்ந்திருந்தார். பஸ் ஸ்டான்டுக்கும் ஒரு படம் இருந்தது. அந்தப் படத்தில் அந்த வாங்கு காலியாக இருந்தது. எழுந்து போகச் சொன்னார்கள். பாலத்தடிக்குப் போனார். பாலத்துக்கும் படம் இருந்தது. ஓரிடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே இருந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை என்று கண்டுகொண்டு, அன்றிலிருந்து அந்த நாட்களில் பொழுது சாயும்வரை நடந்தார். வீட்டில் இருக்கும்போதும் மெல்லத்தான் பேசினார். மனுசன் முன்பு பாட்டுப் பாடிக்கொண்டு விறகு வெட்டுபவர்.

மாரி மழை தொடங்கிய மாதம் அவருக்குக் காய்ச்சல் கண்டது. இருமல் நெஞ்சைப் பிடித்தது. ஒப்புநோக்கல் அன்று காலையில் எழும்பிப் பார்த்தார், கால் நிற்கவில்லை.

“நீங்க படுங்க. உள்ளுக்கு வரமாட்டாங்க” என்று சந்திரகாந்தா சொல்லிவிட்டு, சேலையைக் கட்டினாள்.

ஜீப் வந்தது. படத்தில் மழை இல்லாததால் அதிகாரிகள் குடையை மடக்கிக்கொண்டு நனைந்தார்கள். வலமாக ஒரு சுற்றுச் சுற்றினார்கள். விஜேந்திரன் திரையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தபடி வாசலுக்கு வந்தார். அவளுடைய இடது கையைப் பார்த்தார். வலது கையைப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார். எல்லாம் சரி.

உள்ளே இருமல் கேட்டது.

விஜேந்திரன் தலையைத் தூக்கினார். “உள்ளே யார்?”

கை நிலையிலேயே இருந்தது. தலையிலே மணல் சுமந்த நாட்கள், முளையடித்த அலவாங்கு, சிவப்புக் கயிறு எல்லாம் அவளுக்கு ஒரேயடியாக வந்தன. அவர் இருக்கிறார் என்று சொன்னால் அவர் இருக்க வீடு இல்லை.

“யாருமில்லீங்க ஐயா” என்றாள் சந்திரகாந்தா.

இருமல் மறுபடி கிளம்பி, பாதியில் நின்றது.

“எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை” என்றார் விஜேந்திரன். பிறகு மற்ற அதிகாரிகள் பக்கம் திரும்பி, “மாவட்டம் முழுக்க இந்த அம்மாவைப் போல ஆட்கள் இருந்தால் நமக்கு வேலையே இருக்காது” என்று மனம் நிறைந்து சொன்னார். ஜீப் இறங்கிப் போகும் சத்தம் மழையில் கரைந்தது.

அவள் உள்ளே ஓடினாள். சுந்தரலிங்கம் துவாயைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு, கண்ணெல்லாம் நீராகச் சுவரோடு சாய்ந்திருந்தார். அவள் துவாயை இழுத்தெடுத்தாள். மூச்சு வாங்கி முடியும்வரை முதுகைத் தடவினாள்.

“போயிட்டாங்களா?”

“போயிட்டாங்க.”

“நல்லா சொன்ன புள்ள. குரல் கொஞ்சங்கூட நடுங்கல” என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை. மெச்சித்தான் சொன்னார்.

அப்போதுதான் அவளுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. தரையில் உட்கார்ந்து, சாவு வீட்டில் அழுகிற மாதிரி வாய்விட்டு அழுதாள். சுந்தரலிங்கம் நகர்ந்து வந்து அவள் தலையில் கையை வைத்தார். கை நெருப்பாகச் சுட்டது.

“சத்தம் போடாத” என்றார் காதோரமாக. “தனியா இருக்கிற பொம்பளைக்கு ஆறுதல் சொல்றது யாருன்னு கேப்பாங்க.”